வாட்லி சந்தி வைரவர்

போன மே மாதம் ஒரு குடிபூரலுக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். அன்று காலையில் என் மனுசி முழங்கால் நோகுது என்று முனகினபோதே, "அப்ப நிப்பம்" என்று சொல்லி ரிவியைப் போட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. ஆனால் கூப்பிட்டது ஜெசிந்தா, சூசை அண்ணையின் மகள். சூசை அண்ணை போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். அந்த மனுசனின் பிள்ளை முதன்முதலாக ஒரு வீடு வாங்கி, "அங்கிள், அப்பாவின்ர இடத்தில நீங்கள்தான் நிக்கோணும்" என்று சொல்லும்போது முழங்காலைச் சாட்டுச் சொல்ல எனக்கு முகம் இல்லை. சூசை அண்ணை யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு எதையும் நேராகச் சொல்லி வராது. மனுசியைக் கேட்டால் சொல்லுவா.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில். விலாசத்தை மகன்தான் போனில் போட்டுவிட்டான். நான் வாசிக்கவும் இல்லை. நெடுஞ்சாலை முழுக்க அந்த ஜிபிஎஸ் பெட்டை வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். ஸ்காபரோவின் வடக்குக் கரையில் இறங்கி இரண்டு சந்தி தாண்டினதும் சொன்னாள்: வலப்பக்கம் திரும்பு, வாட்லி கோர்னர்ஸ் கோர்ட். என் கால் தன்பாட்டில் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹோர்னை அமத்திப் பிடித்தான். "என்னப்பா, நாயேதும் குறுக்க வந்ததோ?" என்று மனுசி கேட்டா. ஓம், நாய்தான் என்றேன். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்த நாட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். எதை அழிக்கிறார்களோ அதன் பெயரைத் தெருவுக்கு வைத்துவிடுவார்கள். அப்பிள் தோட்டத்தைப் பிடுங்கினால் அப்பிள் தோட்டத் தெரு, ஓடையை மூடினால் ஓடைக்கரைத் தெரு. வாட்லி கோர்னர்ஸ் என்பது ஒரு கிராமம். கோர்னர்ஸ் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கட சந்திதான். இரண்டு மண் றோட்டுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கொல்லன் பட்டறை, கொஞ்ச வீடுகள். கடல் தாண்டி வந்து காடு வெட்டிக் குடியேறின சனம் உண்டாக்கின ஊர். (அதற்கு முன்னம் அந்தக் காட்டில் இருந்தவர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை, அது வேறு பாவம், என் கணக்கில் இல்லாதது.) அந்த ஊரின் மிச்சசொச்சத்தைக் கண்ணால் கண்ட தமிழர் இரண்டு பேர். ஒருவர் சூசை அண்ணை. இப்போது நான் மட்டும்தான்.

ஜெசிந்தாவின் வீடு தெருவின் கடைசி வீடு. பக்கத்தில் இரும்பு வேலி போட்ட பழைய சவக்காலை, வெள்ளைக்காரரைப் புதைத்த இடம். அதைக் கண்டதும் திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் வெளியில் நின்றவர்கள் கையைக் காட்டிக் காரை உள்ளே எடுப்பித்துவிட்டார்கள். ரொறன்ரோத் தமிழரின் விசேஷம் என்றால் பெண்கள் குசினிக்குள், ஆண்கள் கராஜுக்குள். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, அது அப்படித்தான். கராஜுக்குள் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தது. ஒருவர் பெரிய அடுப்பை மூட்டி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பாதர் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போய்விட்டாராம். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தாராம், குளிக்கிற அறையைக்கூட விடவில்லையாம். கராஜுக்குள் மட்டும் எண்ணெய்ப் புகை என்று வரவில்லையாம்.

"வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி. சப்பாத்தை அந்த மூலையில கழட்டிவிடுங்கோ," என்று ஜெசிந்தா கையைக் காட்டினாள். வயிறு ஏழு மாதம். மூலையில் ஏற்கெனவே செருப்பும் சப்பாத்தும் கும்பியாகக் கிடந்தன. "பாத்து அங்கிள்," என்றார் அவள் புருசன். "அதில நிலம் கொஞ்சம் பதிஞ்சுபோச்சு. மற்ற இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த மூலை மட்டும்தான். போன கிழமை சீமெந்து பூசினனான்."

குனிந்தேன். சப்பாத்துக் கும்பிக்கு அடியிலிருந்து புதுச் சீமெந்தின் ஈர மணம் வந்தது. நிமிர எனக்கு நேரம் எடுத்தது. முழங்கால் நோ மனுசிக்குத்தான், எனக்கில்லை.

சீமெந்து மணம் எனக்கு முப்பது வருசமாக ஒத்துவராது. அந்த நாளில் நான் ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில் ஒரு அறைக்குள் ஐந்து பேரில் ஒருவன். பிரிட்ஜுக்குள் ஐந்து பேருக்கும் தனித்தனிப் பால், ஐந்து பாலும் ஒரே நாளில் திரையும். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வேலை எடுத்துத் தந்தது சூசை அண்ணை. அவர் ஊர்காவற்றுறை ஆள், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு, ஊரில் மேசன் வேலை பார்த்தவர். தன்னுடைய ஓட்டை வானில் காலையில் சப்வேயின் கடைசி ஸ்ரேசனுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு முன்னால் புல்லுப் பாய் விரிப்பது, மரம் நடுவது, கல்லுப் பதிப்பது, இதுதான் வேலை. "பாய் விரிக்கிற வேலை கிடைச்சிருக்கு" என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். "கலியாண மண்டபத்திலயோ மோனை?" என்று அம்மா பதில் போட்டா.

நாங்கள் வேலைக்குப் போன காணிதான் வாட்லி சந்தி. போனபோது அங்கே சந்தியும் இல்லை, வாட்லியும் இல்லை. எங்கே பார்த்தாலும் புல்டோசர் கீறின மண். நடுவில் தேவாலயத்தின் அத்திவாரக் கல்லு மட்டும் நீள்சதுரமாகக் கிடந்தது. நாங்கள் அதில் குந்தியிருந்துதான் மத்தியானம் சோறு சாப்பிடுவோம். பட்டறை இருந்த இடத்தில் மண்வெட்டி போட்டால் குதிரை லாடம் வரும். நீலப்பூப் போட்ட பீங்கான் துண்டுகள் வரும். ஒருநாள் ஒரு சின்னக் கரண்டி வந்தது. பிள்ளைகளுக்கு மருந்து குடுக்கிற அளவு. சூசை அண்ணை அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊர் எப்படிச் செத்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். றெயில் பாதை நாலு மைல் தெற்கால் போய்விட்டதாம். றெயில் வராத சந்திக்குக் கடைக்காரன் வரமாட்டான். கடை போக, தபால் கந்தோர் போக, பெடியள் மேற்கே நிலம் தேடிப் போக, தேவாலயத்தின் பலகையைக் கழற்றி யாரோ மாட்டுக் கொட்டில் கட்டினார்களாம். போகாமல் நின்றது சவக்காலை மட்டும். செத்தவர்கள் எங்கே போவது.

ஒரு பெரிய மேப்பிள் மரம், அதைச் சுற்றி நாற்பது நாற்பத்தைந்து கல்லு. பாதி விழுந்துகிடந்தது, மிச்சம் சரிந்து நின்றது. றோட்டுப் பக்க மூலையில் லைலக் என்கிற ஊதாப்பூப் பற்றை. ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வந்து, நாளைக்கு இதைத் துப்புரவாக்கி ஒழுங்குபடுத்து, திங்கட்கிழமை வேலி போடுகிற ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை சூசை அண்ணைக்கு லீவு. மூத்த மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மை. ஜெசிந்தா அப்போது பிறக்கவில்லை. ஆகவே நான் தனி.

நான் சைவக்காரன். எங்கட ஆட்கள் செத்தால் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு, தோய்ந்து வீட்டுக்கு வந்து சமைப்போம். அதற்குப் பிறகு ஒரு இடம் என்று கிடையாது. படத்துக்கு மாலை போடுவோம், அந்தப் படத்தை எந்தச் சுவரில் கொழுவினாலும் அவர் அப்பாதான். கல்லென்றால் எனக்குத் தெரிந்தது கோயில் மண்டபத்தில் உபயகாரரின் பெயர் வெட்டின கல்லு. அதைக் கழற்றி மற்றச் சுவரில் பதித்தால் உபயகாரருக்கு ஒன்றும் ஆகாது. கல்லுக்கு நேர் கீழே ஆள் கிடக்கிறது, கல்லை இடம் அரக்கினால் ஆள் தொலைந்துபோகும் என்ற விசயம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை.

ஒழுங்குபடுத்து என்றாரல்லவா, ஒழுங்குபடுத்தினேன். எல்லாக் கல்லையும் பிடுங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, நூல் பிடித்து, உயரத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு வரிசையாகச் சீமெந்து குழைத்து நட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன. அவ்வளவு வடிவு. இதில் ஒரு கல்லைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். லைலக் பற்றைக்குக் கீழே ஒரு சின்னக் கல்லு, முழங்கால் உயரம் இல்லை. எழுத்தெல்லாம் பாசி மூடிக் கிடந்தது. தலையில் ஏதோ மிருகம் படுத்திருந்தது, மழையில் கரைந்த முகம். பார்த்தவுடன் எனக்கு நாய் என்றுதான் பட்டது. ஒரு சவக்காலை, அதற்குள் தனிய நான், முன்னால் ஒரு நாய். யாழ்ப்பாணத்தானுக்கு வேறு என்ன நினைவு வரும்? வைரவர். "அப்பனே வைரவா, நீ இஞ்சயும் இருக்கிறியோ" என்று வாய்விட்டே சொன்னேன். உண்மையில் விடியத்தொடங்கி எனக்குப் பயம்தான். அந்த நிமிசத்தில் பயம் தெளிந்தது. வைரவர் காவல் தெய்வம், அவரைக் கொண்டுபோய் மூலையில் பற்றைக்குள் வைக்கலாமோ? தூக்கிக்கொண்டுபோய் வாசலில், உக்கின பழைய படலைக்குப் பக்கத்தில் நட்டேன். சோற்றுப் பார்சலில் இருந்து ஒரு உளுந்து வடையை எடுத்து முன்னால் வைத்தேன். அணில் வந்து கொண்டுபோனது. எனக்குப் பரம திருப்தி.

திங்கட்கிழமை வான் நின்றதும் சூசை அண்ணை இறங்கினார். பார்த்தார். இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

"அட பாவி, என்னடா செய்துபோட்டாய்!"

"ஏன் அண்ணை, நேராத்தானே நிக்குது?"

"கல்லுக்குக் கீழ ஆள் இருக்குதடா மடையா! ஆர் எங்க கிடக்கினம் எண்டு இனி ஆருக்குத் தெரியும்? உது என்ன, படலையில?"

"அது... நாய். வைரவர்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் இவ்வளவு காலம் காவித் திரிந்திருக்க மாட்டேன். "அது ஆட்டுக்குட்டியடா," என்றார் மெதுவாக. "சின்னப்பிள்ளையளின்ர கல்லிலதான் ஆட்டுக்குட்டி செதுக்குவினம். அது ஒரு குழந்தை." பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை.

மற்றக் கல்லுகள் எங்கெங்கே நின்றன என்று எனக்கு நினைவில்லை. ஆட்டுக்குட்டி நின்ற இடம் மட்டும் அச்சொட்டாகத் தெரியும்: மேப்பிளில் இருந்து லைலக்குக்கு, என் காலால் இருபத்தியொரு எட்டு. ஆனால் அதற்குள் வேலிக்காரர் வந்துவிட்டார்கள். கல்லு எங்கே முடியுதோ அங்கே வேலி என்று முதலாளி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். நான் நட்ட வரிசையோடு குழி தோண்டிக்கொண்டு போனார்கள். லைலக் மூலை வேலிக்கு வெளியே, வீட்டுக் காணிக்குள் போய்விட்டது.

"இப்பவே போய் முதலாளியிட்டச் சொல்லு. இன்னும் சீமெந்து விடேல்லை, தூணை அரக்கலாம்," என்றார் சூசை அண்ணை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக நின்றேன். அடுத்த மாதம் எனக்கு விசாரணை. முதலாளி நல்லவிதமாக ஒரு வேலைக் கடிதம் தரவேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். "அண்ணை, கடிதம் கிடைக்கட்டும். பிறகு சொல்லுறன். சத்தியமாச் சொல்லுறன்." அவர் கையை விடுவித்துக்கொண்டார். "சரி. நான் வாய் திறக்கமாட்டன். உது நீ சொல்லவேண்டிய கதை," என்றார். கடிதம் கிடைத்தது. வழக்கும் வென்றது. நான் சொல்லவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே சொல்வதற்கு இன்னொரு தருணம் வந்தது. அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சூசை அண்ணை காணியின் மற்றத் தொங்கலில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம், டாக்சியில் ஒரு வெள்ளைக்கார மனுசி வந்து இறங்கினா. பெயர் டோரத்தி. எண்பது வயது இருக்கும், நீல மழைக்கோட்டு. மேற்குக் கனடாவில், சஸ்கச்சுவானில் இருந்து பஸ்ஸில் வந்தாவாம். அவவின் அம்மா இந்த ஊரில் பிறந்து, பிறகு மேற்கே போனவவாம். அம்மாவுக்கு ஒரு தங்கச்சி, காய்ச்சலில் இங்கேயே செத்துப்போனதாம். ஒருக்காலாவது போய் ஒரு பூ வைத்துவிட்டு வா என்று அம்மா சாகிறவரை சொன்னாவாம்.

படலையடியில் ஆட்டுக்குட்டியைக் கண்டதும் அவ அப்படியே மண்ணில் முழந்தாளிட்டா. கைப்பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துப் பாசியைச் சுரண்டினா. எலன். வயது மூன்று. எங்கட வைரவருக்குப் பெயர் எலன்.

பிறகு ஒரு கடதாசியை விரித்தா. அம்மா பென்சிலால் கீறின படம். இரண்டு றோட்டு, தேவாலயம், ஒரு பெரிய மரம், மூலையில் ஒரு பற்றை, பற்றைக்குக் கீழே ஒரு சின்னச் சிலுவை. அவ படத்தைப் பார்த்தா. படலையைப் பார்த்தா. வேலிக்கு வெளியே பூத்துக்கிடந்த லைலக்கைப் பார்த்தா. கடைசியில் என்னைப் பார்த்து, இந்தக் கல்லு எப்போதும் இங்கேதான் நின்றதா என்று கேட்டா.

அந்த நேரம் என்னிடம் இருந்த இங்கிலீசு பாண் வாங்கவும் பொய் சொல்லவும் மட்டும் காணும். "ஹியர்," என்றேன். "ஒல்வேய்ஸ் ஹியர், மேடம்."

அவ இன்னொருமுறை படத்தைப் பார்த்தா. பிறகு தலையை ஆட்டிச் சிரித்தா. பாவம் அம்மா என்றா. கடைசிக் காலத்தில் அவவுக்கு மாறாட்டம் என்று சகோதரர்கள் எல்லாரும் சொன்னார்களாம். இல்லை, அம்மாவுக்கு அந்த ஊர் மட்டும் நல்ல நினைவு என்று தான் மட்டும் அவர்களோடு சண்டை பிடித்தாவாம். "அவங்கள் சொன்னதுதான் சரி போல," என்றா. எழும்பிப்போய், லைலக்கடியில் நின்று ஒரு கொத்துப் பூ ஒடித்தா. எலன் கிடந்த மண்ணை மிதித்துக்கொண்டு ஒடித்து, எலன் இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்தா. போகும்போது கடதாசியை என் கையில் தந்தா. தனக்கு இனித் தேவையில்லையாம். பின்பக்கத்தில் எந்த வீட்டில் யார் இருந்தது என்று அம்மா எழுதியிருக்கிறாவாம், அதுவும் பிழையாக இருக்கலாமாம், ஆனாலும் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆட்களிடம் இருக்கட்டுமாம். நன்றி என்று சொல்லி என் சீமெந்துக் கையைப் பிடித்துக் குலுக்கினா. ஐயோ, அந்தக் குலுக்கல்.

இரண்டு கிழமையில் லைலக்கைப் புல்டோசர் பிடுங்கியது. அடுத்த வருசம் வீடு கட்டி முடிந்ததும் ஒருநாள் தனியப் போய் மேப்பிளைக் கண்ணால் பிடித்து எட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தியோராம் எட்டு அந்த வீட்டின் கராஜுக்குள் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

இதில் எனக்கு வந்த தண்டனையையும் சொல்லத்தான் வேண்டும். சண்டை முடிந்து, காங்கேசன்துறைப் பக்கம் ஆமி பிடித்து வைத்திருந்த காணிகளை விட்டபோது நானும் ஊருக்குப் போனேன். எங்கட வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை. ஒரே பற்றை. அளவை வேலைக்கு வந்த ஒரு பெடியன் கையை நீட்டி, "உதுதான் ஐயா உங்கட வளவு" என்றான். எனக்கென்னவோ கிணறு மற்றப் பக்கம் இருந்தது மாதிரி நினைவு. "நல்லாத் தெரியுமோ தம்பி?" என்று கேட்டேன். "ஓம் ஐயா, உதுதான்," என்றான் அவசரமாக. நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் பையில் போடும்போது டோரத்தியின் முகம் வந்தது. அந்தப் பெடியனை இன்றுவரை என்னால் கோபிக்க முடியவில்லை. அந்த மண் விட்பியில் சாமித்தட்டில் இருக்கிறது. யாருடைய வளவு மண்ணோ தெரியாது.

சூசை அண்ணை அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை. ஆனால் வருசா வருசம் நவம்பர் இரண்டாம் தேதி, கத்தோலிக்கர் செத்தவர்களை நினைக்கிற நாளில், போன் அடிக்கும். "இண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள். சும்மா எடுத்தனான்," என்பார். மனுசி சுகமோ, பிள்ளையள் சுகமோ என்று கேட்பார். பிறகு, "வேற என்ன?" என்பார். "வேற ஒண்டுமில்லை அண்ணை," என்பேன். "சரி, வைக்கிறன்," என்பார். சில வருசம் அந்தப் போனுக்குப் பயந்து வேலையில் ஓவர்டைம் கேட்டு நின்றிருக்கிறேன். போன நவம்பரும் அதற்கு முந்தின நவம்பரும் போன் அடிக்கவில்லை. அன்று முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனிக் கராஜுக்கு வாருங்கள். றோல்ஸ் ஒருவர் கையில் தந்தார், கடிக்காமல் வைத்திருந்தேன். சனம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அந்த மூலையில் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார்கள். ஒரு பெடியன் தூரத்தில் நின்று காலை உதறி எறிந்தான். அதோடு என்னால் ஏலாமல் போய்விட்டது. போய்க் குந்தியிருந்து, ஒவ்வொரு சோடியாக எடுத்து மற்றப் பக்கச் சுவரோடு அடுக்கத் தொடங்கினேன்.

"என்ன அங்கிள் செய்யிறியள்? ஆர் யூ ஓகே?" ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றாள்.

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பின்னால் நின்ற மனுசி தோளில் கிள்ளினா. அவவுக்கு மட்டும் எப்போதோ இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தே எந்த வீடு என்று விளங்கியிருக்கவேண்டும். "வயித்துப்பிள்ளைக்காரி. வாயை மூடுங்கோ," என்றா காதுக்குள்.

"ஒண்டுமில்லை பிள்ளை. ஆக்கள் தடக்குப்படப் போகினம்," என்றேன். அதே மூலை, இன்னொரு பொய். இங்கிலீசுதான் குறை என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். இதோ, தமிழிலும் அதே மாதிரித்தான் வந்தது.

வெளியே வந்து சவக்காலைப் படலைக்குப் போனேன். என் வரிசைகள் அப்படியே நின்றன. எழுத்துகள் எல்லாம் கரைந்துவிட்டன. வாசலில் எலனின் கல்லு. ஆட்டுக்குட்டிக்கு இப்போது காதும் இல்லை, மூக்கும் இல்லை. நெற்றியில் சந்தனம். முன்னால் இரண்டு செவ்வரத்தம்பூ, ஒரு கற்பூரக் கறை. நான் ஏதோ கனவு என்று நினைத்தேன். பின்னேர நடைக்கு வந்த எங்கட ஐயா ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

"புதுசோ தம்பி இந்தப் பக்கம்? இது வைரவர். பாருங்கோ, நாய் படுத்திருக்கு. வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில கும்பிட்டிருக்கிறான். எங்கட தெருவுக்கு இவர்தான் காவல்," என்றார். சிரிக்கவேண்டிய விசயம், நான் கணக்குப் பார்த்தேன். முதலில் இடத்தைப் பறித்தேன், பிறகு பெயரும் போய், இப்போது அது ஒரு பிள்ளை என்பதும் போய்விட்டது.

திரும்பி வந்து நேராக ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். மனுசி முறைத்தா, முறைக்கட்டும். கராஜுக்கு வெளியே நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லு, வேலி, கடிதம், டோரத்தி. நான் முடித்ததும் அவள் அந்த மூலையைப் பார்த்தாள்.

"அப்பா எங்களை ஒவ்வொரு நவம்பரும் இந்த வீட்டடிக்குக் கூட்டிக்கொண்டு வாறவர் அங்கிள். நாங்கள் காருக்குள்ள இருப்பம். அவர் இறங்கி, அந்தா அந்த றோட்டுக்கரைக் கேர்பில ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார். காத்தில நூரும், திருப்பிக் கொளுத்துவார். ஆருக்கப்பா எண்டு கேட்டால், 'அது வேற ஒரு ஆள் சொல்லவேண்டிய கதை, அவன் சொல்லுவான்' எண்டுவார். வீடு விலைக்கு வந்திருக்கெண்டு கண்டவுடன அந்த நினைப்பிலதான் நாங்கள் வந்து பாத்தது." என் பக்கம் திரும்பினாள். "நீங்களோ அங்கிள் அந்த ஆள்?"

"ஓம் பிள்ளை. நான்தான்."

"முப்பது வருசமோ?" அவள் குரல் மாறிவிட்டது. "அப்பா பாவம் அங்கிள். அந்தக் குளிருக்குள்ள, மழைக்குள்ள நிண்டவர்."

அவளை நான் சமாதானப்படுத்தப் போகவில்லை. எந்த வாயால் போவது? கண்ணைத் துடைத்துவிட்டு, "பேர் என்ன எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். எலன் என்றேன். வயது? மூன்று. அவள் உள்ளே போய், மிச்சச் சப்பாத்துகளை எடுக்கச் சொல்லி, கதிரைகளை முன்னுக்கு இழுக்கச் சொல்லி, பொரித்துக்கொண்டிருந்தவரை அடுப்பை நூர்க்கச் சொன்னாள். ஏன், எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். "பிறகு சொல்லுறன்," என்றாள். மாநகரசபையில் யாரோடு கதைக்கவேண்டும் என்று பார்க்கப்போகிறாளாம். நடந்ததை எழுதி நானும் வந்து கையெழுத்து வைக்கவேண்டுமாம். வைப்பேன். என்னோடு அவள் முகம் பார்த்துக் கதைக்கிறது இப்போது குறைவுதான். அது நியாயம்.

அன்று வீட்டுக்கு வந்து டோரத்தியின் கடதாசியை எடுத்தேன். என் குடியுரிமைப் பத்திரத்தோடு ஒரே உறைக்குள்தான் அது இவ்வளவு காலமும் கிடந்தது. பென்சில் மங்கிவிட்டது, ஆனால் தெரிகிறது. தேவாலயம் இல்லை. பட்டறை இல்லை. இரண்டு மண் றோட்டும் இல்லை. அத்திவாரக் கல்லில் குந்தியிருந்து என்னோடு சோறு சாப்பிட்ட மனுசனும் இல்லை. லைலக் பற்றையும், அதற்குக் கீழே அந்தச் சின்னச் சிலுவையும் இருக்கவேண்டிய இடத்தில் அச்சொட்டாக இருக்கின்றன. உங்கட அம்மாவுக்கு ஒரு மாறாட்டமும் இல்லை, அவ சரியாத்தான் கீறியிருக்கிறா என்று டோரத்தியிடம் சொல்லவேண்டும். சொல்வதற்கு அவவும் இல்லை.